நேர்மையாகத் தொழில் நடத்துவது எப்படி? அறம் சார்ந்த தொழில்முனைவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதக் கடைசி. சம்பளம் போட மூன்று நாள்தான் இருக்கிறது, வங்கிக் கணக்கிலோ பாதித் தொகைதான் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கிறார். "நாங்கள் கேட்ட அந்த வசதி தயாராகிவிட்டதா? ஆகிவிட்டது என்றால் இன்றைக்கே முன்பணம் அனுப்பிவிடுகிறோம்" என்கிறார். தயாராகவில்லை, இன்னும் ஆறு வாரமாவது பிடிக்கும். ஆனால் "ஆகிவிட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பேருக்குச் சம்பளம் போட்டுவிடலாம்.

தொழிலில் தவறு செய்தவர்களில் பெரும்பாலோர் ஊரை ஏமாற்ற வேண்டும் என்று கிளம்பியவர்கள் அல்ல என்றே நான் நினைக்கிறேன். இப்படி ஒரு மாதக் கடைசியில் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். அதைக் காப்பாற்ற அடுத்த மாதம் இன்னொன்று. இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், எங்கே திரும்பினோம் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் உங்களிடம் நல்ல மனசு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறேன். அந்த மனசு நெருக்கடியில் தோற்றுப்போகாமல் இருக்க, நெருக்கடி வருவதற்கு முன்பே என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

அறம் சார்ந்த தொழில்முனைவு என்றால் என்ன?

யாரையும் ஏமாற்றாமலும், நம் செலவை அடுத்தவர் தலையில் அவருக்குத் தெரியாமல் கட்டாமலும் லாபம் சம்பாதிப்பது. என் வரையறை இவ்வளவுதான். சம்பாதித்த பிறகு கொடுக்கும் நன்கொடை வேறு விஷயம். ஊழியரின் கூடுதல் நேர ஊதியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடாது. சட்டத்தைப் பின்பற்றுவதும் இதில் பாதிதான். சட்டம் பெரும்பாலும் கெடுதல் நடந்து முடிந்த பிறகே வருகிறது, புதுத் தொழில் செய்பவரோ சட்டம் இன்னும் வந்து சேராத இடத்தில் நிற்கிறார். சமூகப் பிரச்சினையைத் தீர்க்கவே தொடங்கப்படும் நிறுவனங்களைப் பற்றி மட்டும் பேசுவதாகவும் நினைக்க வேண்டாம். திருகாணி விற்பவருக்கும் இது பொருந்தும்.

"தொழிலின் பொறுப்பு லாபம் ஈட்டுவது மட்டுமே" என்று வாதிடுபவர்கள், பொருளாதார அறிஞர் மில்ட்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுதியதைத் துணைக்கு அழைப்பார்கள். அதே கட்டுரையில் அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார்: ஏமாற்றும் மோசடியும் இல்லாமல், ஆட்ட விதிகளுக்குள் நின்று லாபம் ஈட்ட வேண்டும். அந்த வரியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

இந்தச் சிந்தனை ஒன்றும் புதிதல்ல. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், பெரும்பாலும் நெசவாளர்களும் கைவினைஞர்களும், சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். உணவுப்பொருளில் கலப்படமும் எடைக்குறைவும் சாதாரணமாக இருந்த காலம் அது. இவர்கள் வெண்ணெய், சர்க்கரை, மாவு என்று சில பொருள்களை மட்டும் கலப்படமில்லாமல், முழு எடையில் விற்றார்கள். ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு. மிஞ்சிய லாபம், யார் எவ்வளவு வாங்கினார்களோ அதற்கேற்பப் பங்கிடப்பட்டது. உலகக் கூட்டுறவு இயக்கம் இன்றும் தன் முன்னோடியாகச் சொல்வது அவர்களைத்தான். ஆனால் நான் அவர்களிடம் கவனிப்பது வேறொரு விதியை. கடனுக்கு விற்பதில்லை என்று அவர்கள் முதலிலேயே முடிவெடுத்துவிட்டார்கள். அதே ஊரில் முன்பு தொடங்கிய ஒரு கூட்டுறவுக் கடை, இரக்கப்பட்டுக் கடன் கொடுத்தே மூடப்பட்டிருந்தது. நல்ல நோக்கம் மட்டும் கடையைத் திறந்து வைக்காது என்று அவர்கள் அனுபவத்தில் கற்றிருந்தார்கள்.

படி 1: பாரம் யார் மேல் விழுகிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் தொழில் தொடுகிற எல்லோரையும் எழுதுங்கள். வாடிக்கையாளர், ஊழியர், முதலீட்டாளர், சரக்கு தருபவர் என்று நான்கு பெயர் உடனே வந்துவிடும். அதோடு நிறுத்த வேண்டாம். உங்களோடு எந்த ஒப்பந்தமும் போடாதவர்கள்தான் முக்கியம்: பட்டறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர், சரக்கு தருபவரின் தொழிலாளி, உங்கள் செயலியில் தன் படம் இடம்பெற்றிருப்பதே தெரியாத ஒருவர்.

ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று கேள்விகள். நம் தொழிலால் இவருக்கு என்ன இழப்பு? அது இவருக்குத் தெரியுமா? பிடிக்கவில்லை என்றால் இவரால் விலகிப் போக முடியுமா?

மூன்றாவது கேள்விதான் உங்களைத் தூங்கவிடாது. வீட்டுக்கே பொருள் கொண்டுவந்து தரும் சேவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் வந்து சேரும் என்று அறிவிக்கிறீர்கள். பிடிக்காத வாடிக்கையாளர் வேறு செயலிக்குப் போய்விடுவார். வண்டியைக் கடனில் வாங்கி உங்களுக்காக ஓட்டுபவர் அவ்வளவு சுலபமாகப் போக முடியாது. அந்த வண்டி விரைந்து வரும் சாலையைக் கடக்கிற முதியவருக்கு இப்படி ஒரு வாக்குறுதி இருப்பதே தெரியாது, ஆனாலும் ஆபத்தில் ஒரு பங்கு அவருடையது. விலகிப் போக முடியாதவர்களின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இனி வரும் எல்லாப் படிகளிலும் முதலில் அவர்களை நினைத்துப் பாருங்கள்.

படி 2: நேர்மைக்குக் கட்டுப்படியாகும் விலையை வையுங்கள்

அறத்தைப் பற்றிய வழிகாட்டியில் விலை நிர்ணயம் எதற்கு என்று தோன்றலாம். எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையாகத் தெரிகிறது. கட்டுப்படியாகாத விலைக்கு விற்பவர் எங்கோ ஓரிடத்தில் ஏமாற்றியே ஆக வேண்டியிருக்கும்.

கணக்கு இப்படி. ஒரு பொருளை 100க்கு விற்கிறீர்கள். மூலப்பொருள் 40, கூலி 30, வாடகையும் மின்சாரமும் 15 போக 15 மிச்சம் என்று திருப்தியாக இருக்கிறீர்கள். இப்போது வழக்கமாக எழுதாமல் விடும் செலவுகளையும் சேருங்கள். முறையான வரி. கெட்டுப்போன பொருளுக்கு முகம் சுளிக்காமல் திருப்பித் தரும் பணம். கூடுதல் நேரத்துக்கான ஊதியம். பாதுகாப்புக் கருவிகள். கழிவை முறையாக அகற்றும் செலவு. உங்களுடைய சொந்தச் சம்பளம். எல்லாம் சேர்த்தால் செலவு 108 ஆகிறது என்று வையுங்கள்.

அந்த 8 யாரிடமிருந்து வருகிறது?

எங்கிருந்தோ வந்துகொண்டுதான் இருக்கிறது. பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் இளைஞரிடமிருந்து வரலாம். மூன்று மாதமாகப் பணம் கிடைக்காமல் காத்திருக்கும் சரக்குக்காரரிடமிருந்து வரலாம். ஊதியமே எடுக்காமல் உழைக்கும் உங்கள் வீட்டாரிடமிருந்தும் வரலாம். யார் என்று கண்டுபிடித்தபின் உங்கள் முன் இருக்கும் வழிகள் குறைவுதான்: விலையை ஏற்றுவது, பொருளை எளிமையாக்கிச் செலவைக் குறைப்பது, கூடுதல் விலை தரத் தயாராக இருக்கும் சிறிய வட்டத்துக்கு மட்டும் விற்பது, அல்லது இந்தத் தொழில் இந்த வடிவத்தில் நடக்காது என்று ஒப்புக்கொள்வது. நான்காவது கசக்கும். ஆனால் முதல் வருடத்தில் அதை ஒப்புக்கொண்டால் இழப்பு சிறிது.

அடுத்தது கையிருப்பு. மூன்று மாதச் சம்பளமும், சரக்குக்காரர்களுக்குத் தர வேண்டிய தொகையும் ஒரு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே நாளில் சேராது, வருகிற ஒவ்வொரு தொகையிலும் நூற்றுக்கு ஐந்தை ஒதுக்கினால் மெல்லச் சேரும். விளம்பரத்துக்குச் செலவிடும் முன் இதைச் செய்யுங்கள். தொடக்கத்தில் சொன்ன அந்தத் தொலைபேசி அழைப்பு, கையிருப்பு உள்ளவருக்குச் சாதாரண அழைப்பு. இல்லாதவருக்கு அது சோதனை.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1995 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்ற துணி ஆலை தீயில் எரிந்தது. ஏறக்குறைய 3,000 பேர் வேலை பார்த்த இடம். உரிமையாளர் ஆரன் ஃபாயர்ஸ்டைனுக்கு அப்போது 70 வயது. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றிருக்கலாம், கூலி குறைந்த வேறு நாட்டுக்கு ஆலையை மாற்றியிருக்கலாம். அவர் அதே இடத்தில் மீண்டும் கட்டுவதாக அறிவித்தார், வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்கும் சில வாரங்கள் சம்பளம் கொடுத்தார். நாடே அவரைக் கொண்டாடியது. 2001இல் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது, பின்னர் நிர்வாகம் அவர் கையை விட்டே போய்விட்டது.

இந்தக் கதையைச் சொல்லி, "பார், நேர்மைக்குக் கிடைத்த பலன்" என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவரை அழுத்தியதில் பெரும்பங்கு, காப்பீட்டுத் தொகைக்கும் மேலே கடன் வாங்கிப் புதிய ஆலையைக் கட்டியது. தொழிலாளருக்குக் கொடுத்த சம்பளம் அதன் பக்கத்தில் சிறியது. அவர் மேல் எனக்குள்ள மரியாதை துளியும் குறையவில்லை, ஆனால் பெருந்தன்மைக்கும் கடன் கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது. நேர்மை எப்போதும் லாபம் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில சமயம் நஷ்டம் வரும். அந்த நஷ்டத்தைத் தாங்கும்படி தொழிலை அமைப்பது உங்கள் வேலை.

படி 3: "செய்ய மாட்டோம்" பட்டியல்

கையில் பணம் இருக்கும் மாதத்தில் உட்கார்ந்து இதை எழுதுங்கள். ஐந்து முதல் ஏழு வரி போதும். "நாங்கள் நேர்மையை மதிக்கிறோம்" என்ற வரிக்கு இங்கே இடமில்லை, அதை மீறினோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மீறினால் அன்றைக்கே தெரிய வேண்டும். உதாரணத்துக்குச் சில:

- இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்ல மாட்டோம். தேதி தெரியாவிட்டால் தேதி சொல்ல மாட்டோம்.
- ஒரு வேலைக்கு வாங்கிய முன்பணத்தை வேறு வேலைக்கு எடுக்க மாட்டோம்.
- ரசீது தர முடியாத யாருக்கும் பணம் தர மாட்டோம்.
- எங்கள் பொருளுக்கு நாங்களே வேறு பெயரில் மதிப்புரை எழுத மாட்டோம், எழுதச் சொல்லியும் பணம் தர மாட்டோம்.
- பயிற்சிக்கு வந்தவர் செய்த வேலையை விற்றால், அதற்கு ஊதியம் தராமல் இருக்க மாட்டோம்.

ஒவ்வொரு வரியையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள்: இதை மீறினால் எனக்குப் பணம் கிடைக்கும் என்ற நிலை எப்போதாவது வருமா? வராது என்றால் அந்த வரி வெறும் அலங்காரம், அடித்துவிடுங்கள். விதிவிலக்கு தேவைப்பட்டால் ஒருவர் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. இரண்டு பேர் கையெழுத்திட்டு, காரணத்தை எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். எழுத வேண்டும் என்ற ஒரு தடையே பல விதிவிலக்குகளைக் கேட்காமல் செய்துவிடும்.

மூன்றாவது வரி எளிதல்ல என்று தெரியும். லஞ்சம் கேட்பவர் பெரும்பாலும் உங்கள் அவசரத்தைத்தான் விலைக்கு வாங்குகிறார். நாளைக்கே உரிமம் வேண்டும் என்று நிற்பவரிடம்தான் துணிந்து கேட்க முடியும். ஆகவே தேவைப்படும் நாளுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பியுங்கள், திட்டத்தில் தாமதத்துக்கு நாள்களை ஒதுக்குங்கள், தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள், யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்று குறித்து வையுங்கள். இவ்வளவு செய்தும் சில வேலைகள் கைவிட்டுப் போகும். அந்த இழப்பையும் படி 2இன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: வாக்கியத்தின் காலத்தைக் கவனியுங்கள்

விளம்பரம், முதலீட்டாளரிடம் காட்டும் விளக்கம், விற்பனைப் பேச்சு எல்லாவற்றுக்கும் நான் ஒரே ஒரு இலக்கண விதியைப் பரிந்துரைப்பேன். நடந்ததை இறந்தகாலத்தில் சொல்லுங்கள், இன்று இருப்பதை நிகழ்காலத்தில் சொல்லுங்கள், கனவை எதிர்காலத்தில் சொல்லுங்கள். பல தொழில்முனைவோர் சறுக்குவது, எதிர்காலத்தில் சொல்ல வேண்டியதை நிகழ்காலத்தில் சொல்லும் அந்த ஒரு வினைச்சொல்லில்தான். "செய்யும்" என்பது "செய்கிறது" ஆகிவிடுகிறது.

தெரனோஸ் நிறுவனத்தின் கதை இதுதான். 2003இல் எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கியது. விரல் நுனியில் எடுக்கும் சில துளி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகளைத் தன் கருவி செய்கிறது என்றார்கள். நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் வரை போனது. உண்மையில் பெரும்பாலான பரிசோதனைகள் மற்ற நிறுவனங்களின் வழக்கமான கருவிகளில் நடந்துகொண்டிருந்தன. 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022 ஜனவரியில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அதே ஆண்டு நவம்பரில் 11 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. "எங்கள் கருவி ஒருநாள் இதைச் செய்யும், இன்று இவ்வளவுதான் செய்கிறது" என்று சொல்லியிருந்தால் முதலீடு குறைவாக வந்திருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இணையதளத்திலும் செயலியிலும் பொய் சொல்லாமலே ஏமாற்ற முடியும். சேர ஒரு பொத்தான், விலக ஏழு பக்கம். கடைசித் திரையில் முளைக்கும் கூடுதல் கட்டணம். நீங்கள் கேட்காமலே குறியிடப்பட்ட பெட்டி. ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் இவற்றுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார், இன்று பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள் இவற்றைக் கண்காணிக்கின்றன. உங்களுக்கு ஒரு எளிய அளவுகோல்: சேர எத்தனை சொடுக்கு தேவைப்படுகிறதோ, விலகவும் அத்தனைதான் இருக்க வேண்டும். உங்கள் செயலியில் இன்றே எண்ணிப் பாருங்கள்.

"இயற்கையானது", "சூழலுக்கு உகந்தது", "முதலிடம்" போன்ற சொற்களைப் பயன்படுத்தினால், எதனோடு ஒப்பிட்டு, எந்த அளவில் என்று அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

படி 5: இலக்கு வைக்கும்போது அதன் கெட்ட வழியையும் யோசியுங்கள்

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது. கிளை ஊழியர்களால் அது முடியவில்லை. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். இப்படித் திறக்கப்பட்ட கணக்குகள் லட்சக்கணக்கில் போயின. 2016இல் விஷயம் வெளியே வந்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் பல ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை அந்த வங்கி வேலையை விட்டு நீக்கியிருந்தது. அத்தனை பேரும் கெட்டவர்களாகப் பார்த்தா வேலைக்கு எடுத்திருப்பார்கள்? இலக்கை வகுத்தவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

எனவே எந்த இலக்கை அறிவிக்கும் முன்பும் குழுவைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "இந்த எண்ணை எட்ட மிகச் சுலபமான கெட்ட வழி எது?" வெட்கப்படாமல் எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கெட்ட வழிக்கும் ஒரு தடுப்பு எண்ணைச் சேருங்கள். விற்பனைக்கு இலக்கு வைத்தால் கூடவே திரும்பி வந்த பொருள்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். அழைப்புகளை விரைவாக முடிக்கச் சொன்னால், அதே வாடிக்கையாளர் மறுநாள் திரும்ப அழைத்தாரா என்றும் பாருங்கள்.

ஊழியர் விஷயத்தில் இன்னும் இரண்டு. சம்பளத் தேதி என்பது வாக்குறுதி. தள்ளிப்போகும் என்று தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அந்தத் தேதி வரை மௌனமாக இருப்பது அவர்களுடைய வீட்டு வாடகையோடு விளையாடுவது. அப்புறம், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லி எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தைத் தவிர்க்காதீர்கள். பங்கு தருவதாக வாயால் சொல்லி வேலை வாங்குவது, புதுத் தொழில்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் அநியாயம். எத்தனை விழுக்காடு, எப்போது கைக்கு வரும், இடையில் விலகினால் என்ன ஆகும் என்று முதல் மாதத்திலேயே எழுதிக் கொடுங்கள். தொழில் கூட்டாளிகளுக்கும் இதே விதி.

படி 6: நீங்கள் வாங்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள்

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள், பெரும்பாலும் ஆடைத் தொழிலாளர்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிற்சாலைகள் மட்டும் மறுநாள் காலை தொழிலாளர்களை உள்ளே வரச் சொன்னன. மேலை நாட்டுக் கடைகளுக்கான ஆர்டர்கள் குறித்த தேதியில் போயாக வேண்டும் என்ற அழுத்தம் அவற்றின் மேல் இருந்தது.

இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: வாங்குபவரின் தேதி, விற்பவரின் தொழிலாளி மேல் போய் நிற்கிறது. நீங்கள் சிறிய நிறுவனமாக இருந்தாலும் யாருக்கோ வாங்குபவர்தான். கடைசி நேரத்தில் நீங்கள் மாற்றும் வடிவமைப்பு அங்கே ஒருவரின் இரவுத் தூக்கம். நீங்கள் இழுத்தடிக்கும் பணம் அங்கே ஒருவரின் வட்டி.

செய்யக்கூடியவை: சரக்கு தருபவர்களில் ஆபத்து மிகுந்த மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரையும் ஒரே நாளில் சோதிக்க முடியாது, வேண்டியதும் இல்லை. நேரில் போங்கள். அவசர வழி திறந்திருக்கிறதா, சம்பளம் என்றைக்குத் தருகிறார்கள், அடையாள ஆவணங்களை முதலாளி வாங்கி வைத்திருக்கிறாரா, குழந்தைகள் வேலை பார்க்கிறார்களா என்று பாருங்கள். ஆர்டர் தருமுன், "அவசரமில்லாமல் செய்ய உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும்?" என்று கேளுங்கள். பொருள் கைக்கு வந்த 30 நாளுக்குள் பணம் தாருங்கள், பெரிய நிறுவனம் உங்களை 90 நாள் காக்க வைத்தாலும் அந்தப் பாரத்தைக் கீழே தள்ளிவிடாதீர்கள். கையிருப்பு எதற்கென்று இங்கேயும் புரியும்.

குறை கண்டால் உடனே வேறிடம் மாறிவிடுவது நமக்கு நிம்மதி, அங்கே இருப்பவர்களுக்கு வேலையிழப்பு. ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை 2011இல் ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளும், முதலில் உங்கள் செல்வாக்கைப் பயன்படுத்தித் திருத்தப் பாருங்கள் என்றே சொல்கின்றன. திருத்தக் கெடு கொடுங்கள், திருத்தும் செலவில் பங்கு கொள்ள முடியுமானால் கொள்ளுங்கள். ஆள்கடத்தல், கொத்தடிமை போன்றவற்றுக்கு இந்தப் பொறுமை கூடாது.

படி 7: தகவலும் கழிவும்

இரண்டுக்கும் ஒரே விதி: தேவைக்கு மேல் எடுக்காதீர்கள், எடுத்ததை எங்கே விடுகிறீர்கள் என்று அறிந்திருங்கள். பிறந்த தேதி தேவையில்லாத படிவத்தில் அதைக் கேட்காதீர்கள். கணக்கை மூடியவரின் தகவலை நீக்கும் நாளைக் குறித்து வையுங்கள். உங்கள் கழிவை எடுத்துச் செல்லும் வண்டி எங்கே போகிறது என்று ஒருமுறை பின்னாலேயே போய்ப் பாருங்கள். சூழல் பாதிப்பைக் குறைப்பதாக அறிவிப்பதென்றால், எந்த ஆண்டோடு ஒப்பிட்டு என்பதையும் சேர்த்து அறிவியுங்கள்.

படி 8: தவறு நடந்த பிறகு

நடக்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கும். அதற்கான ஒத்திகையை முன்பே செய்து வையுங்கள்.

1982 இலையுதிர்காலத்தில் சிகாகோ பகுதியில் டைலெனால் வலிமாத்திரை சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். கடையில் இருந்த பாட்டில்களில் யாரோ சயனைடு கலந்திருந்தார்கள். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் தவறல்ல அது. பாதிப்பும் ஒரே வட்டாரத்தில்தான். ஆனாலும் நாடு முழுவதிலிருந்தும் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள், செலவு 10 கோடி டாலருக்கும் மேல். பிறகு, திறந்தால் தெரிந்துவிடும் மூடியுடன் அதே மருந்தைக் கொண்டுவந்தார்கள், சந்தையில் இழந்த இடத்தையும் பெரும்பகுதி மீட்டார்கள். அந்த நிறுவனத்தில் 1943 முதலே ஒரு கொள்கை அறிக்கை இருந்தது. தன் பொருளைப் பயன்படுத்துபவர்களே முதல் பொறுப்பு, பங்குதாரர் கடைசியில் என்று அதில் எழுதியிருந்தது. முடிவெடுக்கும் நேரத்தில் எடுத்துப் பார்க்க ஏற்கெனவே எழுதிய ஒரு தாள் இருந்தது என்பதைக் கவனியுங்கள். இதையும் சொல்லிவிட வேண்டும்: பின்னாளில் அதே நிறுவனம் தன் டால்கம் பவுடர் தொடர்பாகப் பல்லாயிரம் வழக்குகளைச் சந்தித்தது. ஒருமுறை சரியாக நடந்துகொண்டது ஆயுளுக்கும் சான்றிதழ் ஆகாது.

உங்கள் ஒத்திகை இப்படி இருக்கட்டும். முதலில் பாதிப்பை நிறுத்துங்கள், விற்பனையை நிறுத்த வேண்டியிருந்தாலும் சரி. காரணம் முழுதாகத் தெரியாவிட்டாலும் ஒரு நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களிடம் பேசுங்கள். என்ன நடந்தது, இப்போது அவர் என்ன செய்ய வேண்டும், நாம் என்ன செய்கிறோம், அடுத்து எப்போது பேசுவோம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று எழுதாதீர்கள். ஏற்பட்டிருக்கிறது, அதனால்தான் கடிதமே எழுதுகிறோம். அவர் கேட்கும் முன்பே இழப்பீட்டைச் சொல்லுங்கள். உள்ளே, தவறை முதலில் சொன்ன ஊழியரை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டுங்கள். அவரைத் திட்டினால் அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராது.

படி 9: முதலீடும் உரிமையும்

வெளியார் பணம் உள்ளே வரும் நாளில் உங்கள் "செய்ய மாட்டோம்" பட்டியலையும் ஒப்பந்தத்தின் இணைப்பாக வையுங்கள். அதைப் பார்த்ததும் முகம் மாறுகிற முதலீட்டாளரை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அவர் இதற்கு முன் பணம் போட்ட நிறுவனங்களின் நிறுவனர்களிடம், முக்கியமாகத் தோற்றுப்போன ஒருவரிடம், பேசிப் பாருங்கள். சரிவில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைத் தோற்றவரால்தான் சொல்ல முடியும்.

உங்களுக்குப் பிறகும் இந்த முறை நிலைக்க வேண்டுமானால் உரிமையையே மாற்றி அமைக்கலாம். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஆபே என்ற இயற்பியலாளர் 1889இல் கார்ல் சைஸ் அறக்கட்டளையை நிறுவி, ஒளியியல் கருவி நிறுவனத்தில் தன் பங்குகளை அதற்கே கொடுத்துவிட்டார். தொழிலாளர் உரிமைகளை அதன் விதிகளிலேயே எழுதினார். 1900இல் அங்கே எட்டு மணி நேர வேலைநாள் வந்துவிட்டது. சைஸ் நிறுவனம் இன்றும் அந்த அறக்கட்டளையின் கையில்தான் இருக்கிறது. 2022இல் பாட்டகோனியா ஆடை நிறுவனத்தை இவோன் ஷுனார்டின் குடும்பம் இதே போக்கில் ஓர் அறக்கட்டளைக்கும் சூழல் காக்கும் அமைப்புக்கும் மாற்றிக் கொடுத்தது. எல்லோரும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஊழியருக்குப் பங்கு, கூட்டுறவு வடிவம், விற்பதற்கு முன் ஊழியரிடம் கேட்க வேண்டும் என்ற ஒரு விதி என்று சிறிய வழிகளும் உண்டு.

படி 10: "வேண்டாம்" என்று சொல்ல ஒருவர்

உங்களிடம் சம்பளம் வாங்காத, உங்களுக்குப் பயப்படாத ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரோடு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். வட்டமிட்ட பெயர்கள் உள்ள தாளையும் "செய்ய மாட்டோம்" பட்டியலையும் மேசை மேல் வையுங்கள். இந்த மூன்று மாதத்தில் யாரைக் காக்க வைத்தோம்? எந்த வாக்கியத்தை நீட்டிச் சொன்னோம்? எந்த விஷயத்தைப் பேச வந்து, பேசாமல் தவிர்க்கிறோம்? பதில்களை எழுதி வைத்து அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்பு

சரி, மாதக் கடைசியில் அழைத்தவருக்கு என்ன பதில் சொல்வது? இப்படிச் சொல்லலாம்: "இன்னும் தயாராகவில்லை. ஆறு வாரம் ஆகும் என்று கணிக்கிறோம், மூன்றாவது வாரம் எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் காட்டுகிறோம். இப்போது தயாராக இருக்கும் பகுதி மட்டும் உங்களுக்கு உதவும் என்றால், அதற்கான தொகையை மட்டும் அனுப்புங்கள். காத்திருக்க முடியாது என்றால் இதை நன்றாகச் செய்யக்கூடிய இன்னொருவரைச் சொல்கிறேன்."

அவர் போய்விடலாம். போனால், அன்று மாலையே ஊழியர்களைக் கூப்பிட்டுக் கணக்கைத் திறந்து காட்டுங்கள். இருக்கும் பாதித் தொகையை முதலில் சம்பளம் குறைந்தவர்களுக்கு முழுதாகக் கொடுங்கள், மீதிப் பேருக்குத் தேதி சொல்லுங்கள், உங்கள் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். மறுநாள் காலை, முன்பே சொன்ன அந்தத் தனிக் கணக்கை வங்கியில் தொடங்குங்கள், எவ்வளவு சிறிய தொகையானாலும்.